கலாதேவியின் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்

கலாதேவிக்கு நாற்பத்தொரு வயது நடந்துகொண்டிருந்தபோது, அவள் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலை மலேசியாவின் ஈப்போ நகரை விட்டுப் போனது. சிப்புக்குள் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது அவள் வேலை. கடைசி நாளன்று ஆளுக்கொரு கடிதமும் ஒரு கேக் பெட்டியும் கொடுத்தார்கள். தொழிற்சாலை பஸ்ஸிலேயே பெட்டியைப் பிரித்து, பக்கத்து சீட்டு நேப்பாளிப் பெண்ணோடு பங்குபோட்டுத் தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"இனிமே என்ன செய்யப் போற?" என்று கேட்டார் கணவர் விக்னேஸ்வரன். அவர் ஈப்போவுக்கும் லுமுட்டுக்கும் இடையே பஸ் ஓட்டுகிறவர்.

"புரோகிராமிங் படிக்கப் போறேன். வேலை போனவங்களுக்கு ஒன்பது மாசம் சொல்லித் தராங்களாம்."

"கம்ப்யூட்டரா? வீட்டு டிவி ரிமோட்டே தகராறு பண்ணுது லா."

"அது உங்ககிட்டதான் பண்ணுது. என்கிட்ட ஒழுங்காத்தான் இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அந்த வாரமே யாரோ நண்பரிடம் சொல்லிவைத்து, பழைய மடிக்கணினி ஒன்றைத் தன் யூனிபார்ம் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கலாதேவி அன்றிரவே அதைத் திறந்து உட்கார்ந்தாள்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். அவள்தான் மூத்தவள். முதல் மாதம் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜாவா என்ற மொழியில் 'கிளாஸ்' என்பது ஒரு வகைக்கான வரைபடம், அதை வைத்து உருவாக்கும் ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட், அது செய்யக்கூடிய வேலைகளுக்கு மெத்தட் என்று பெயர் என்றெல்லாம் சொன்னபோது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒரே வரைபடத்திலிருந்து ஆயிரக்கணக்கில் சிப்பு வருவதைப் பார்த்த கண்கள் அல்லவா. பெற்றோர் கிளாஸ் ஒன்று இருக்கும், அதன் குணங்களைப் பிள்ளை கிளாஸ்கள் எடுத்துக்கொள்ளும் என்பதும் புரிந்தது. ஒரே ஒரு பாடம்தான் எரிச்சல் மூட்டியது. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்.

அந்த கிளாஸிலிருந்து நேரடியாக ஓர் ஆப்ஜெக்ட்கூட உருவாக்க முடியாதாம். அதற்குள் சில மெத்தட்கள் பெயரோடு நின்றுவிடுமாம். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட உள்ளே இருக்காது. அதைப் பிள்ளை கிளாஸ்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டுமாம்.

"ஒண்ணும் செய்யாத ஒண்ணை எதுக்கு சார் எழுதணும்?" என்று எழுந்து கேட்டாள்.

"பரீட்சையில வரும்" என்றார் பயிற்றுநர்.

மனப்பாடம் செய்து எழுதினாள். தேர்ச்சியும் பெற்றாள். கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

வேலை தேடிய ஐந்து மாதத்தில் பதினோரு இடங்களில் அவள் வயதைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்து அனுப்பினார்கள். பன்னிரண்டாவது இடம், ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்த இரண்டு அறை. நடத்தியவன் மதீசன். முப்பத்தாறு வயது, யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். அவன் வயதைப் பற்றிப் பேசவே இல்லை. நூறு வரி புரோகிராம் நிரல் ஒன்றைத் திரையில் போட்டு, "இதுக்குள்ள ஒரு பிழை இருக்கு. எனக்கு ஒரு நாள் எடுத்தது. பாருங்கோ அக்கா" என்றான்.

கலாதேவி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "அறுபத்தி மூணாவது வரியில ஒரு தசமப் புள்ளி விட்டுப்போச்சு."

மதீசன் குனிந்து அந்த வரியைத் தேடிப் பார்த்தான். "திங்கக்கிழமை வாங்கோ."

அப்படித்தான் அவள் புரோகிராமர் ஆனாள். ஆனாலும் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "ஆபீஸ்ல இருக்கேன்" என்பாள். புரோகிராமர் என்ற சொல் இரவல் வாங்கிய நகையைப்போல உறுத்தியது.

மதீசனின் நிறுவனத்துக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் யாரும் இல்லை. இருந்த வேலைகளில் அவளுக்குப் பிடித்தது பத்து காஜா என்ற பக்கத்து ஊரில் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய டயாலிசிஸ் மையத்தின் வேலை. நாற்பத்து மூன்று நோயாளிகள். ஒவ்வொருவரும் வாரம் மூன்று முறை, நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். தூரத்தில் இருப்பவர்களை வேன் ஏற்றிக்கொண்டு வரும். எப்போதாவது நேரம் மாறினால் எல்லாருக்கும் உடனே தெரிய வேண்டும். அந்தத் தகவலை அனுப்புவதுதான் மதீசன் எழுதியிருந்த நிரலின் முக்கிய வேலை.

நிரலில் எல்லாப் பெயரையும் அவன் மலாயில் வைத்திருந்தான். பெற்றோர் கிளாஸின் பெயர் பெசாகிட், அதாவது நோயாளி. அதற்குள் மக்லும் என்றொரு மெத்தட். தெரிவி என்று பொருள்படும் சொல்லின் சுருக்கம். பெசாகிட்டுக்கு இரண்டு பிள்ளை கிளாஸ்கள். வாட்சப் வைத்திருக்கும் நோயாளி, வெறும் எஸ்எம்எஸ் மட்டும் வாங்கக்கூடிய நோயாளி. இரண்டும் தத்தம் வழியில் மக்லும் மெத்தட்டை எழுதிவைத்திருந்தன. பெற்றோர் கிளாஸில் இருந்த மக்லும் மட்டும் காலி. இரண்டு அடைப்புக்குறிகள், நடுவில் வெறும் வெளி. அழைத்தால் ஒன்றும் செய்யாமல், ஒரு குறையும் சொல்லாமல் திரும்பி வந்துவிடும்.

ஒரு நாள் மையத்தின் தாதி ஷாமினி ஒரு கோரிக்கை வைத்தாள். இரண்டு பேரிடம் கைத்தொலைபேசியே இல்லை, வீட்டுத் தொலைபேசி மட்டும்தான். நேரம் மாறினால் அவர்கள் பெயர் கவுண்டர் திரையில் வர வேண்டும், பார்த்துவிட்டு நாங்களே கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றாள். கலாதேவி மூன்றாவது பிள்ளை கிளாஸை எழுதினாள். வீட்டு எண், முகவரி, வேன் ஏற்றும் இடம், எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எழுதினாள். எழுதி முடிக்கும் நேரத்தில் வேறொரு வாடிக்கையாளரின் அவசர அழைப்பு வந்தது. திரும்பி வந்து நிரலை ஓட்டிப் பார்த்தாள். ஒரு சிவப்பு வரிகூட இல்லை. அனுப்பிவிட்டாள்.

ஏழு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், மையத்தில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. வியாழன் காலை டயாலிசிஸைப் பிற்பகலுக்கு மாற்றினார்கள். ஷாமினி பொத்தானை அழுத்தினாள். நாற்பத்து மூன்று பெயருக்கும் பக்கத்தில் பச்சை டிக் விழுந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கலாதேவியின் கைப்பேசி அடித்தது.

"அக்கா, வீட்டுப் போன் மட்டும் இருக்கிற சின்னையா ஐயாவுக்குத் தகவல் போகலையாம். விடிகாலையில இருந்து சிம்பாங் சந்தியில வேனுக்கு நின்னுருக்காரு" என்றாள் ஷாமினி. குரலில் கோபம் இல்லை, பதற்றம்தான் இருந்தது. "பசியாற இங்க வந்துதான் சாப்பிடுவாரு. இன்சுலின் போட்டுட்டு வெறும் வயித்தோட வந்துட்டாரு. சீனி இறங்கி கீழ உக்காந்துட்டாராம்."

"இப்போ எப்படி இருக்காரு?"

"இருக்காரு அக்கா. அங்க நாசி லெமாக் சோறு விக்கிற மலாய்க்கார மக்சிக் அம்மாதான் இனிப்பா டீ போட்டுக் கொடுத்து, அவர் பையில இருந்த நம்பரைப் பார்த்து எங்களைக் கூப்பிட்டாங்க. வேன் போயிருக்கு. ஆனா உங்க சிஸ்டத்துல அவர் பேருக்குப் பச்சை டிக் இருக்கே அக்கா? அதனாலதானே நாங்க கூப்பிடல."

கலாதேவி கணினி முன் உட்கார்ந்தாள். நிரலைத் திறந்து தேடியபோது அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. வீட்டுத் தொலைபேசி நோயாளிக்கான கிளாஸில் மக்லும் மெத்தட் இல்லை. எழுத மறந்திருக்கிறாள். பிள்ளையிடம் இல்லாததால் பெற்றோரின் மெத்தட் ஓடியிருக்கிறது. அது காலி. ஒன்றும் செய்யாமல் திரும்பியதும், தகராறு எதுவும் இல்லாததால் நிரல் அதைத் தெரிவித்தாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு பச்சை டிக் போட்டிருக்கிறது. வீட்டுத் தொலைபேசிக்காரர்களில் இன்னொருவருக்கு அன்றைக்கு முறை இல்லாததால் அவர் தப்பித்தார்.

மதீசன் வந்ததும் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "என்னோட தப்பு."

அவன் நின்றபடியே படித்தான். பிறகு மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "இல்லை அக்கா, என்ட பிழை. அந்தக் காலி மெத்தட்டை எழுதினது நான். அப்ப ரெண்டு வகைதானே, பிறகு பாப்பம் எண்டு விட்டது."

"எழுத மறந்தது நான்தானே."

"மறந்தா சொல்லித்தர ஒண்டும் இல்லாமச் செய்தது நான்."

கொஞ்ச நேரம் இருவரும் குற்றத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விட்டுப்போன ஆறு வரிகளை அவள் எழுத, அவன் பக்கத்தில் இருந்து சரிபார்த்தான். பத்து மணிக்கெல்லாம் நிரலின் பிழை தீர்ந்தது. ஷாமினியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பிற்பகலில் சின்னையாவுக்கு டயாலிசிஸ் நல்லபடியாக முடிந்தது என்ற செய்தியும் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் கலாதேவி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சின்னையாவைப் பார்க்கப் போனாள். முன்பு ஆல்டன் தோட்டம் இருந்த இடத்துக்கு எதிரே, தோட்ட மக்களுக்குக் கட்டிக்கொடுத்த தரைவீடுகளில் ஒன்று. சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். சின்னையாவுக்கு எழுபத்தொரு வயது, லாரி ஓட்டியவர். மனைவி இறந்துவிட்டாள். தனியாகத்தான் இருந்தார். என்ன வாங்கிப்போவது என்று தெரியாமல் கலாதேவி வெறுங்கையோடு போயிருந்தாள். அவருக்குப் பழமும் ஆகாது, தண்ணீரே அளந்துதான் குடிக்க வேண்டும்.

"யாரும்மா? ஓட்டு கேக்க வந்தியா?"

"இல்லைங்க ஐயா. டயாலிசிஸ் செண்டருக்கு கம்ப்யூட்டர் வேலை செய்யறவ. நேத்து உங்களுக்குத் தகவல் வராததுக்கு நான்தான் காரணம். மன்னிப்புக் கேக்க வந்தேன்."

சின்னையா கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். பழைய தொலைபேசி ஒன்று தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், துணி விரித்த முக்காலியில் இருந்தது. "எம் மக கைப்போன் வாங்கிக் கொடுத்தா. இந்த விரலு சீனி வியாதியில மரத்துப்போச்சு. நான் தொட்டா அதுக்குத் தெரிய மாட்டேங்குது. திருப்பிக் கொடுத்துட்டேன்" என்று விரல்களைக் காட்டினார். பிறகு, "ஏம்மா, கம்ப்யூட்டருக்கு மறதி வருமா?" என்று கேட்டார்.

"அது மறக்கலைங்க. நான்தான் எப்படிச் சொல்லணும்னு எழுத மறந்துட்டேன்."

"சரி. நீ எழுத மறந்தது அதுக்குத் தெரியாதா?"

கலாதேவி அந்தக் கேள்வியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நான் லாரி எடுக்குறப்போ பின்கதவு கொண்டி மாட்டலைன்னா வாசல்ல கணக்கெழுதுற கிராணி கேட்டையே திறக்க மாட்டான்" என்றார் சின்னையா. "திட்டுவேன். ஆனா ஒரு நாளும் ரோட்டுல சரக்குக் கொட்டுனதில்ல."

ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தினாள். அவருடைய கேள்விக்குப் பதில் அவளிடம் இருந்தது; பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, எழுதிவிட்டு மறந்த பதில். மக்லும் மெத்தட்டைக் காலியாக வைப்பதற்குப் பதில் அப்ஸ்ட்ராக்ட் என்று அறிவித்திருந்தால், நிரலைச் சரிபார்த்து இயக்கத்துக்குத் தயார்செய்யும் கம்பைலர் அவளை அன்றைக்கே தடுத்திருக்கும். இந்தப் பிள்ளை கிளாஸ் எப்படித் தெரிவிக்கும் என்று எழுதவில்லை, எழுதாமல் ஓடவிட மாட்டேன் என்று நின்றிருக்கும். காலி மெத்தட்டும் ஒன்றும் செய்வதில்லை, அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்டும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் முதலாவது, ஒன்றும் செய்யாமலேயே செய்துவிட்டேன் என்கிறது. இரண்டாவது, செய்கிறவர் யார் என்று சொல்லாமல் உன்னை விடமாட்டேன் என்கிறது. இத்தனை நாள் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை மதீசனிடம் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது.

"பிழையைத்தான் திருத்தியாச்சே. ஓடுறதை ஏன் அக்கா தொடுறீங்கள்? பெசாகிட்டை அப்ஸ்ட்ராக்ட் ஆக்கினா அதைப் பாவிச்ச இடமெல்லாம் உடையும்."

"உடையட்டும் மதி. எங்கெங்க உடையுதுன்னு பாக்கணும்."

"சூசா அக்கா, சரியான கஷ்டம்."

"சூசாதான். ரெண்டு நாள் குடு."

அவள் அவனிடம் பிடிவாதமாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மதீசன் கொடுத்தான்.

முதலில் அவள் ஒரு சோதனை செய்தாள். போன வாரம் எழுதிய ஆறு வரிகளையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டு, மக்லும் மெத்தட்டின் அடைப்புக்குறிகளை அழித்து, முன்னால் அப்ஸ்ட்ராக்ட் என்ற சொல்லைச் சேர்த்தாள். பெசாகிட் கிளாஸுக்கு முன்னாலும் சேர்த்தாள். கம்பைலரை ஓடவிட்டாள். வீட்டுத் தொலைபேசி நோயாளியின் கிளாஸ் உடனே சிவந்தது. மக்லும் எங்கே என்று கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "இதை ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கேட்டிருக்கக் கூடாதா" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆறு வரிகளையும் திரும்ப வைத்தாள்.

அந்தச் சிவப்பு மறைந்தது. ஆனால் வேறு ஏழு இடங்கள் சிவப்பாகவே நின்றன. பெசாகிட் இப்போது அப்ஸ்ட்ராக்ட், அதிலிருந்து ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாது என்றது கம்பைலர். அதாவது ஏழு இடங்களில், வாட்சப்பும் இல்லாத, எஸ்எம்எஸும் இல்லாத, எந்த வகையிலும் சேராத வெறும் நோயாளியை யாரோ உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு இடம் சோதனைக்காக எழுதிய போலி ஆட்கள். அவற்றைச் சாப்பாட்டுக்கு முன்பே திருத்திவிட்டாள். ஏழாவது இடத்தில் கை நின்றது.

அது புதிய நோயாளிகளைப் பதிவு செய்யும் பகுதி. எப்படித் தொடர்புகொள்வது என்ற கட்டத்தைப் பதிவு செய்பவர் நிரப்பாமல் விட்டால், நிரல் சத்தம் போடாமல் வெறும் பெசாகிட் ஒன்றை உருவாக்கி உள்ளே சேர்த்துவிடும்.

"மதி, இந்தக் கட்டம் காலியா இருக்கிற பேருங்க நம்ம பதிவுல எத்தனை இருக்கு?"

தேடினார்கள். நான்கு பேர். நான்கு பேருக்கும் இத்தனை நாளாக ஒவ்வொரு முறையும் பச்சை டிக் விழுந்திருக்கிறது. ஒருமுறைகூடத் தகவல் போனதில்லை.

மதீசன் எழுந்து கார் சாவியை எடுத்தான். "வாங்கோ, போவம்."

மையத்தில் ஷாமினி நான்கு பெயரையும் பார்த்தாள். ஒருவர் போன வருஷமே இறந்துபோனவர். பெயரை யாரும் நீக்கவில்லை. ஒருவர் சிலிம் ரிவர் என்ற ஊரில் உள்ள மகள் வீட்டுக்கே போய்விட்டார். மூன்றாவது தீபன் என்ற இளைஞன். எதையும் தானே வந்து கேட்டுக்கொண்டு போகிறவன், வாட்சப்பும் இருந்தது. கட்டத்தை நிரப்பியதும் அவன் கதை முடிந்தது. நான்காவது பெயர் கருப்பம்மாள்.

"கருப்பம்மாக்காவா?" என்று ஷாமினி ஆச்சரியப்பட்டாள். "அவங்களுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லையே. மூணு வருஷமா ஒரு நாள்கூட தவறினதில்ல. சீக்கிரமா வந்து உக்காந்துருவாங்க. போன வியாழக்கிழமைகூட காலையிலேயே வந்துட்டாங்க. கம்பளியெல்லாம் மடிச்சு வச்சாங்க. சும்மா இருக்க முடியாது அவங்களுக்கு. நாங்க எல்லாரும் சொல்லுவோம், இப்படி ஒரு ஆளு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"பிற்பகல்னு மாத்தின நாள்ல காலையிலேயே வந்தாங்களா?" என்று கலாதேவி மெதுவாகக் கேட்டாள்.

"ஐயோ அக்கா. அவங்களுக்குத் தெரியாம வந்து உக்காந்திருக்காங்க. நாங்க உதவி செய்ய வாராங்கன்னு நினைச்சுட்டோம்."

கருப்பம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. சிறு வயதிலேயே காது போய்விட்டது. பள்ளிக்கூடம் போனதில்லை. தொலைபேசி அடித்தாலும் கேட்காது, செய்தி வந்தாலும் படிக்கத் தெரியாது. பதிவு செய்தவருக்கு அந்தக் கட்டத்தில் எதைப் போடுவதென்று தெரியவில்லை, விட்டுவிட்டார். பத்து காஜா அடுக்குவீட்டிலிருந்து இவள் தானாக பஸ் பிடித்து வருவாள். நேரம் மாறியிருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பாள். மூன்று வருஷத்தில் எத்தனை முறை என்று யாருக்கும் கணக்கில்லை.

மறுநாள் கலாதேவியும் ஷாமினியும் அவள் வீட்டுக்குப் போனார்கள். கருப்பம்மாள் ஷாமினியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, இருவரையும் உட்காரவைத்து, டீ போட உள்ளே போய்விட்டாள். நேர மாற்றம் பற்றிச் சைகையில் விளக்கக் கால் மணி நேரம் ஆனது. புரிந்ததும் அவள் உரக்கச் சிரித்தாள்.

"நீங்க சும்மா சும்மா மாத்துறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள், காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில். "என்ன பண்றது? சொல்ல மாட்டேங்கிறீங்களேன்னு நினைச்சேன். பெரிய ஆஸ்பத்திரின்னா அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

ஷாமினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கலாதேவி கைப்பேசியில் ஒரு கடிகாரப் படத்தைக் காட்டி, இதை யாரிடம் கொடுத்தால் உங்களுக்கு வந்து சேரும் என்று கைகளால் கேட்டாள். கருப்பம்மாள் சன்னல் பக்கம் அழைத்துப்போய்க் கீழே காட்டினாள். அடுக்குவீட்டு வாசலில் ஒரு மளிகைக் கடை. சீனி என்ற அந்தக் கடைக்காரரிடம் தினமும் சாயங்காலம் ரொட்டி வாங்கப் போவாளாம்.

சீனிக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர், "இவ்வளவுதானா? மூணு வருஷமா யாராச்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே லா" என்றார்.

கலாதேவி நான்காவது பிள்ளை கிளாஸை எழுதினாள். வேறொருவர் மூலமாகத் தகவல் பெறும் நோயாளி. இதன் மக்லும் மெத்தட் சீனியின் வாட்சப்புக்குக் கடிகாரப் படமும் கிழமைக்கு ஒரு நிறமுமாக அனுப்பும். அனுப்பியதும் டிக் விழாது. கருப்பம்மாளிடம் காட்டிவிட்டதாகச் சீனி பதில் அழுத்திய பிறகுதான் விழும். பதில் வரும்வரை பெயர் கவுண்டர் திரையில் சிவப்பாக நிற்கும். பதிவுப் பகுதியிலும் இனி அந்தக் கட்டத்தைக் காலியாக விட வழியில்லை. வெறும் நோயாளி என்று ஓர் ஆளை இந்த நிரலால் உருவாக்கவே முடியாது. அன்றைக்கு ஓடவிட்டபோது ஒரு சிவப்பு வரியும் இல்லை. இருந்தும் அவள், நீக்கிய இரண்டு பெயர் போக மீதி நாற்பத்தொரு பெயரையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகே அனுப்பினாள்.

வீட்டில் சாப்பிடும்போது விக்னேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். முடிவில், "அப்போ அந்தப் பெரிய கிளாஸ் தானா ஒரு வேலையும் செய்யாது. ஆனா வேலை நடக்காம விடாது. அப்படித்தானே?" என்றார்.

"நீங்க எங்க படிச்சீங்க இதெல்லாம்?"

"ஒரு வருஷமா நீ சாப்பாட்டுல பேசுறது வேற என்னவாம்?"

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மறுபடி நேரத்தை மாற்ற வேண்டி வந்தது. சாலைகளில் கூட்டம் இருக்கும் என்பதால், தைப்பூச நாளின் காலை டயாலிசிஸை முந்தின நாளுக்குக் கொண்டுபோனார்கள். ஷாமினி பொத்தானை அழுத்தியபோது கலாதேவி மையத்திலேயே அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். டிக்குகள் விழத் தொடங்கின. கவுண்டர் திரையில் சின்னையாவின் பெயர் வந்தது. ஷாமினி கூப்பிட்டாள்.

"ஐயா, செண்டர் மிஸ்ஸி ஷாமினி பேசுறேன். தைப்பூசத்துக்கு முதல் நாளே வந்துருங்க. அதே நேரம்தான்."

"சரிம்மா. அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு அங்க இருக்காளா?"

"பக்கத்துலதான் இருக்காங்க."

"இந்தத் தடவை கேட்டை அடைச்சு வச்சாளான்னு கேளு."

"அடைச்சுட்டேன் ஐயா" என்று கலாதேவி தொலைபேசிக்கு எட்டும்படி சத்தமாகச் சொன்னாள்.

கருப்பம்மாளின் பெயர் மட்டும் ஐந்தரை மணிக்கும் சிவப்பாகவே நின்றது. கலாதேவி வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஐந்து நாற்பதுக்கு அது பச்சையானது. கூடவே சீனி ஒரு படமும் அனுப்பியிருந்தார்: ஒரு கையில் ரொட்டிப் பொட்டலமும் மறு கையில் அவருடைய கைப்பேசியுமாகக் கருப்பம்மாள் கடை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். தைப்பூச வாரத்தில் அவள் சரியான நாளில், சரியான நேரத்தில் வந்தாள். கம்பளிகளை மடிக்க ஆளில்லாமல் தாதிகள் தாங்களே மடித்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் மையத்தின் செயற்குழுக் கூட்டத்தில் பேசப்பட்டு, அங்கிருந்து சித்தியவான் என்ற ஊரில் இதேபோல இன்னொரு மையம் நடத்துகிறவர்கள் காதுக்கும் போனது. அவர்கள் மதீசனைக் கூப்பிட்டார்கள். அவன் கலாதேவியையும் அழைத்துக்கொண்டு போய், "இவதான் எங்கட புரோகிராமர். எல்லாம் இவவிட்டயே கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டான். கலாதேவிக்குக் காது சூடானது. ஆனால் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

நிர்வாகி சரளா என்ற பெண்மணி நோயாளிகளின் பட்டியலை நீட்டினாள். "எல்லாருக்கும் போன் நம்பர் இருக்கு. அப்படியே ஏத்திடலாம்."

"நம்பர் இருக்கட்டும்ங்க. ஒவ்வொருத்தருக்கும் எப்படிச் சொன்னா போய்ச் சேரும்னு சொல்லுங்க. பொறுமையாவே சொல்லுங்க."

சரளா பட்டியலைத் திரும்ப வாங்கி முதலிலிருந்து படித்தாள். ஒன்பதாவது பெயரில் நிறுத்தி யோசித்தாள். "இவரு… டயாலிசிஸ் இல்லாத நாள்ல நண்டு பிடிக்க ஆத்து முகத்துப் பக்கம் போயிடுவாரு. அங்க லைன் கிடைக்காது."

"வீட்டுல யாரு இருக்கா?"

"சம்சாரம். அவங்களும் காலையில மீன் மார்க்கெட்ல இருப்பாங்க. ஆனா அந்த மார்க்கெட்ல மூணாவது கடைக்காரங்ககிட்ட சொன்னா அவங்களுக்குக் கண்டிப்பா சொல்லிடுவாங்க."

"மூணாவது கடை" என்று கலாதேவி எழுதிக்கொண்டாள். "சரிங்க. அடுத்தவர்?"